கதவு திறந்தே இருக்கிறது, யாரும் வரவில்லை

கேள்வி:

காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் கிளெய்ம் பரிசீலனைப் பிரிவுக்கு மேனேஜராக இருக்கிறேன். என் கீழ் ஒன்பது பேர். பொறுப்பேற்று ஏழு மாதம் ஆகிறது. அதற்கு முன் இதே பிரிவில் எட்டு வருடம் வேலை பார்த்தேன். அதிக ஃபைல் முடிப்பவள் என்று எனக்குப் பெயர் இருந்தது. முன்பிருந்த மேனேஜர் யாருக்கும் முகம் கொடுத்துப் பேச மாட்டார். நான் அப்படி இருக்கவே கூடாது என்று முதல் நாளே முடிவு செய்தேன். "என் ரூம் கதவு எப்பவும் திறந்திருக்கும், எதுவானாலும் வந்து சொல்லுங்க" என்றேன். தினமும் காலையில் எல்லோரையும் உட்காரவைத்து யாருக்கு என்ன தடங்கல் என்று கேட்கிறேன். யாராவது திணறினால் அந்த ஃபைலை நானே வாங்கி இரவில் உட்கார்ந்து முடித்துவிடுகிறேன். தவறு எதுவும் வெளியே போய்விடக் கூடாது என்பதால் எல்லா ஃபைலிலும் கடைசிக் கையெழுத்து என்னுடையது.

இருந்தும் பிரிவின் வேலை குறைந்துவிட்டது. பெண்டிங் ஏறிக்கொண்டே போகிறது. பதினான்கு வருட அனுபவமுள்ள ஒருவர், நான் சேர்ந்த காலத்தில் எனக்கே பாடம் சொல்லிக் கொடுத்தவர், இப்போது பாதி வேலைதான் செய்கிறார். மீட்டிங்கில் கேட்டால் "ஒண்ணுமில்லை மேடம்" என்பதுதான் பதில். அவருக்கு அறுபது நாள் கெடு வைத்து, செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம் என்ற பெயரில் கடிதம் கொடுக்கச் சொல்கிறது ஹெச்.ஆர். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி மூன்றாம் மாதமே 'சொந்தக் காரணம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். "ஆளை மாத்து" என்கிறார் என் மேலதிகாரி. தலைமை ஆதரவாக இருந்தால் ஊழியர்கள் நன்றாக வேலை செய்வார்கள் என்கிறார்களே, என் விஷயத்தில் மட்டும் ஏன் நடக்கவில்லை?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் உழைப்பில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. தன் ஆட்களுக்காக இரவில் கண்விழிக்கிற மேனேஜர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனாலும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஆதரவு என்று நினைத்துக் கொடுப்பது ஒன்று. அந்த ஒன்பது பேர் கையில் போய்ச் சேர்வது இன்னொன்று. வேலை கூடுவதும் குறைவதும் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்வதைப் பொறுத்தது.

ராபர்ட் ஐசன்பெர்கர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1986-ல் இதைப் பற்றி எழுதினார்கள். நிறுவனம் என்னென்ன வசதி செய்து கொடுத்திருக்கிறது என்று அவர்கள் கணக்கெடுக்கவில்லை. 'என் உழைப்புக்கு இங்கே மதிப்பு இருக்கிறதா, எனக்கு ஒன்று என்றால் இவர்கள் கவலைப்படுவார்களா' என்பதை ஊழியரிடமே கேட்டார்கள். ஆம் என்று நம்புகிறவர்கள் அநாவசியமாக விடுப்பு எடுப்பது குறைகிறது, வேலையை விட்டுப் போகும் எண்ணம் குறைகிறது என்று இந்த வழியில் வந்த ஆய்வுகள் பலவும் காட்டுகின்றன. செயல்திறனோடு உள்ள தொடர்பு அவ்வளவு பெரியது இல்லை. ஆனால் திரும்பத் திரும்பத் தென்படுகிறது. ஊழியருக்கு நிறுவனம் என்றால் தலைமை அலுவலகத்துச் சுற்றறிக்கை இல்லை. தினமும் தன் ஃபைலைப் புரட்டிப் பார்க்கிற மேனேஜரின் முகம்தான் நிறுவனம். அதனால் அவர்கள் உங்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்குவோம்.

முதலில் அந்த இரவு வேலை. மருத்துவமனைச் சான்றில் ஒரு தேதி, பாலிசியில் ஒரு தேதி, இரண்டும் ஒத்துப்போகாமல் ஒருவர் திணறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் உங்களிடம் வந்து சொல்கிறார். "குடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று வாங்கிக்கொள்கிறீர்கள். காலையில் ஃபைல் முடிந்து அவர் மேசையில் இருக்கிறது. உங்கள் கணக்கில் அது உதவி. அவர் கணக்கில், தன்னால் முடியாத ஒன்று உங்களுக்கு ஒரே ராத்திரியில் முடிந்துவிட்டது என்பதற்குச் சாட்சி. எப்படி முடித்தீர்கள் என்பது அவருக்குத் தெரியாது. அடுத்த மாதம் அதே சிக்கல் வந்தால் மறுபடி உங்களிடம் வந்து நிற்க வேண்டும். வந்து நிற்பதைவிட ஃபைலை அடியில் வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பது எளிது. உங்கள் பெண்டிங்கில் ஒரு பகுதி அப்படி அடியில் போனதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

நியால் போல்ஜரும் உடன் ஆய்வாளர்களும் 2000-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். அலுவலகத்தைப் பற்றியது இல்லை, ஆனால் உங்கள் நிலைமைக்கு ரொம்பப் பொருந்தும். நியூயார்க்கில் வக்கீல் தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்களையும் அவர்களுடைய துணைகளையும் தினமும் தனித்தனியே குறிப்பு எழுத வைத்தார்கள். இன்று எனக்கு உதவி கிடைத்தது என்று படிப்பவர் எழுதிய நாட்களை ஒட்டி அவருடைய மன அழுத்தம் குறையவில்லை; கூடவே செய்தது. துணை உதவியதாக எழுதியிருக்கிறார், படிப்பவரோ அதை உதவி என்று கவனிக்கவே இல்லை என்ற நாட்களில்தான் மனம் லேசாகியிருந்தது. பளிச்சென்று தெரிகிற உதவி, 'உன்னால் ஆகவில்லை' என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

சற்று முன் ஆதரவை உணர்வது நல்லது என்றேன், இப்போது உதவியை உணர்ந்தால் பாரமாகிறது என்கிறேன். முரணாகப்படலாம். தேவைப்பட்டால் ஆள் இருக்கிறது என்ற தெம்பு வேறு, ஒரு குறிப்பிட்ட நாளில் கையிலிருந்து வேலை பிடுங்கப்பட்ட அனுபவம் வேறு. முதலாவது ஆளை நிமிர வைக்கும். இரண்டாவது, எவ்வளவு அன்பாகச் செய்தாலும், குனிய வைத்துவிடும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டதைவிடப் பட்டுத் தெரிந்துகொண்டதுதான் அதிகம். வெகு காலத்துக்கு முன் சிறு குழு ஒன்றுக்குப் பொறுப்பாக இருந்தேன். அதில் இளையவர் ஒருவர் தயாரிக்கும் அறிக்கைகளை இரவில் உட்கார்ந்து திருத்தி, கிட்டத்தட்ட முழுக்க மாற்றி எழுதி, அவர் பெயரிலேயே மேலே அனுப்புவேன். பெருந்தன்மை என்றுதான் நினைத்திருந்தேன். வேலையை விட்டுப் போகும் நாளில், "நான் எழுதின ஒரு வரிகூட இங்கிருந்து வெளியே போகலை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தகவல் சொல்வதுபோல் சொன்னார். அவருடைய அறிக்கைகள் வரவர மோசமானது ஏன் என்று ஒரு வருடமாக நான் குழம்பிக்கொண்டிருந்தேன். எதை எழுதினாலும் நான் மாற்றத்தான் போகிறேன் என்றால் அவர் எதற்கு மெனக்கெட வேண்டும்?

ஆகவே இன்றிலிருந்து ஃபைலை வாங்காதீர்கள். அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். மவுஸ் அவர் கையில் இருக்கட்டும். "எதுவரைக்கும் வந்திருக்கீங்க?" என்று கேளுங்கள். எட்டு வருடத்தில் நீங்கள் கற்ற குறுக்கு வழிகள், எந்தக் காகிதத்தை முதலில் பார்ப்பது, எந்த மருத்துவமனைச் சான்றில் எதைச் சரிபார்ப்பது, இதெல்லாம் அப்படி உட்காரும்போதுதான் கைமாறும். இருபது நிமிடம் போதும். நேரமே இல்லை, இன்றே முடித்தாக வேண்டும் என்ற நாளிலும் சிக்கலான ஃபைலை எடுக்காதீர்கள். அவரிடம் இருக்கும் சுலபமான மூன்று ஃபைல்களை வாங்கிக்கொள்ளுங்கள். கஷ்டமானதை அவர் முடிக்க நேரம் கிடைக்கும். முடித்த பெயரும் அவருக்கே இருக்கும். பெரும்பாலான மேனேஜர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கஷ்டமானதைத் தான் வைத்துக்கொண்டு சுலபமானதைக் கீழே தள்ளுவார்கள். அதன்பின் யாரும் வளரவில்லையே என்று வருந்துவார்கள்.

கடைசிக் கையெழுத்து பற்றி ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். எனக்கு அது சின்ன விஷயமாகப் படவில்லை. ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979-ல் முன்வைத்த விளக்கம் ஒன்று உண்டு. வேலை அதிகமாக இருப்பது மட்டுமே ஆளை ஒடித்துவிடாது. வேலை அதிகம், முடிவெடுக்கும் உரிமை குறைவு என்ற இரண்டும் சேரும்போதுதான் ஒடிகிறது. அதே அளவு வேலை, ஆனால் எப்படிச் செய்வது என்பது தன் கையில் என்றால் மனிதர்கள் அதில் வளரவும் செய்கிறார்கள். உங்கள் பிரிவில் ஒன்பது பேருடைய வேலையும் ஒரு பேனா முனையில் வந்து காத்திருக்கிறது. நீங்கள் மீட்டிங்கில் இருக்கும் இரண்டு மணி நேரமும் பிரிவே நிற்கிறது. அதைவிட மோசமானது, கடைசியில் நீங்கள் பார்ப்பீர்கள் என்று தெரிந்தால் முதலில் பார்ப்பவர் பாதிக் கண்ணால்தான் பார்ப்பார். தவறைத் தடுக்கப் போட்ட கையெழுத்தே தவறு நுழைய இடம் கொடுக்கிறது. ஒரு தொகை வரை அனுபவமுள்ளவர்கள் தாங்களே முடித்து அனுப்பலாம் என்று வரம்பு வையுங்கள். அதற்குள் வருகிற ஃபைல்களில் வாரத்துக்குச் சிலவற்றை மட்டும் எடுத்துப் பாருங்கள். உங்கள் நிறுவன விதிகள் அனுமதிக்கும் வரம்பு எதுவோ, அதன் விளிம்பு வரை போங்கள்.

காலை மீட்டிங்குக்கு வருவோம். யாருக்கு என்ன தடங்கல் என்று நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறீர்கள். ஆனால் எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, 'எனக்கு இது வரவில்லை' என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதுவும் இந்தப் பிரிவிலேயே அதிக ஃபைல் முடித்தவர் எதிரில். சொன்னால் என்ன நடக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஃபைல் உங்கள் வீட்டுக்குப் போகும். "ஒண்ணுமில்லை மேடம்" என்பதைத் தவிர வேறென்ன சொல்வார்கள்?

எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனை வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். 1996-ல் அது வெளிவந்தது. நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். எண்கள் நேர்மாறாக வந்தன. நல்ல குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. துருவிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. அந்தக் குழுக்களில் தவறைச் சொல்லப் பயம் இல்லை, அதனால் சொன்னார்கள். மற்ற இடங்களில் தவறு நடந்தும் வாய் திறக்கவில்லை. பயமின்றிப் பேச முடிகிற நிலையை மனப் பாதுகாப்பு என்ற பெயரில் 1999-ல் அவர் விரித்து எழுதினார். வேலையிடங்களைப் பற்றி எழுதப்பட்டவற்றில் நான் அதிகம் பயன்படுத்தியிருப்பது இந்த ஒரு கருத்தைத்தான்.

உங்களுக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள இரண்டு உண்டு. ஒன்று, கேட்கிற கேள்வியை மாற்றுவது. "யாருக்குத் தடங்கல்?" என்றால் ஆளைத் தேடுவதாக இருக்கிறது. "போன வாரம் எந்த மாதிரி ஃபைல் நம்மளை அதிகமா இழுத்தடிச்சுது?" என்றால் வேலையைப் பற்றிய பேச்சு. முதல் பதிலை நீங்களே சொல்லுங்கள். இந்த வாரம் நீங்கள் எதில் தடுமாறினீர்கள், எதைத் தவறாக அனுப்பிவிட்டுத் திரும்ப வாங்கினீர்கள் என்று. தினமும் வேண்டாம், வாரத்துக்கு இரண்டு போதும். மீதி நாட்களில் நீங்கள் எழுந்து அவர்களுடைய இடத்துக்குப் போங்கள். திறந்திருக்கும் கதவு உங்களுக்கு அழைப்பாகத் தெரிகிறது. வெளியே நிற்பவருக்கு அது எல்லோரும் பார்க்க நடந்துபோக வேண்டிய தூரம்.

இரண்டாவது உங்கள் மேலதிகாரிக்கானது. இதையெல்லாம் செய்ய ஆரம்பித்தால் முதல் ஒன்றிரண்டு மாதம் தவறுகளின் எண்ணிக்கை கூடியது போலத் தெரியலாம். மறைந்திருந்தவை வெளியே வரும். அது நல்ல அறிகுறி என்பதை முன்கூட்டியே அவரிடம் சொல்லி வைத்துவிடுங்கள். எண் ஏறிய பிறகு சொன்னால் சால்ஜாப்பாகத்தான் படும்.

இப்போது அந்த மூத்தவர். உங்கள் கடிதம் முழுக்க அவரைச் சுற்றித்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். இந்தப் பதவி காலியானபோது அது தனக்கு வரும் என்று அவர் எதிர்பார்த்தாரா? பதினான்கு வருடம் இருந்தவர் அவர், எட்டு வருடம் இருந்தவர் நீங்கள், உங்களுக்கே வேலை கற்றுக்கொடுத்தவர். அதைப் பற்றி யாராவது அவரிடம் பேசினார்களா? உங்களைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்று ஹெச்.ஆரோ மேலதிகாரியோ அவரை அழைத்து ஒரு வார்த்தை சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள் என்றே என் அனுபவம் சொல்கிறது. ஒரு நாள் காலையில் மின்னஞ்சல் வந்திருக்கும். அவர் எழுந்து வந்து உங்களுக்கு வாழ்த்துச் சொல்லியிருப்பார். அன்றிலிருந்து உங்கள் இருவருக்கும் நடுவில் அது கிடக்கிறது. நீங்கள் கூச்சத்தில் அதைத் தொடவில்லை, அவர் மானத்தில் தொடவில்லை. பதவி கிடைக்காததைப் பலரும் ஒரு கட்டத்தில் தாங்கிக்கொண்டுவிடுகிறார்கள். ஏன் கிடைக்கவில்லை என்று சொல்லக்கூட ஒருவரும் மெனக்கெடவில்லை என்பதுதான் உள்ளே நின்று அரிக்கிறது.

நான் ஊகிப்பது தவறாகவும் இருக்கலாம். வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லாமல் இருக்கலாம், அவருக்கே இருக்கலாம். எதுவானாலும் அறுபது நாள் கெடுவுக்கு முன் ஒரு பேச்சு அவருக்கு நீங்கள் பட்ட கடன்.

அதற்கும் முன் எண்களைப் பிரித்துப் பாருங்கள். 'பாதி வேலைதான்' என்பது ஃபைல் எண்ணிக்கையை வைத்துச் சொல்வது. அவரிடம் எந்த மாதிரி ஃபைல் போகிறது? அனுபவசாலி என்பதால் தகராறில் உள்ளவை, விபத்து அறிக்கை முழுதாக வராதவை, இறப்புக் காரணத்தில் சந்தேகம் உள்ளவை எல்லாம் அவர் மேசைக்குத்தான் போகும். அப்படி ஒன்றை முடிக்கிற நேரத்தில் இன்னொருவர் பத்து சாதாரண கிளெய்ம்களை முடித்துவிடலாம். அந்த ஃபைல்கள் எத்தனை நாள் அவர் கையில் இருந்தன, எத்தனை நாள் வேறு பிரிவின் பதிலுக்காகக் கிடந்தன, எத்தனை நாள் உங்கள் கையெழுத்துக்காகக் காத்திருந்தன என்று தனித்தனியாக எழுதுங்கள். கடைசி நெடுவரிசை உங்களுக்கு வலிக்கலாம்.

எட்வர்ட்ஸ் டெமிங் என்ற தர மேலாண்மை நிபுணர் தன் பயிற்சி வகுப்புகளில் செய்து காட்டிய ஒரு சோதனை உண்டு. ஒரு பெட்டியில் 3,200 வெள்ளை மணிகளும் 800 சிவப்பு மணிகளும். 50 குழிகள் கொண்ட துடுப்பு ஒன்றை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். வெள்ளை மணி நல்ல சரக்கு, சிவப்பு குறைச் சரக்கு. பங்கேற்பவர்கள் கண்ணும் கருத்துமாகச் செய்வார்கள். ஒருவருக்கு ஏழு சிவப்பு வரும், ஒருவருக்குப் பதினான்கு வரும். டெமிங் மேற்பார்வையாளராக நடித்து, குறைவாக எடுத்தவரைப் பாராட்டுவார், அதிகம் எடுத்தவரை எச்சரிப்பார். அடுத்த சுற்றில் பாராட்டு வாங்கியவருக்கே பதினைந்து வரலாம். பெட்டியில் ஐந்தில் ஒரு பங்கு சிவப்பு. யார் எடுத்தாலும் சராசரி பத்தை ஒட்டித்தான் வரும். பெட்டிக்குள் என்ன கலந்திருக்கிறது என்பதை எடுப்பவர் முடிவு செய்வதில்லை. நிறுவனங்களில் வரும் பிரச்சினைகளில் 94 சதவீதம் வேலை முறையைச் சேர்ந்தவை, அதை மாற்றும் பொறுப்பு நிர்வாகத்துடையது என்பது டெமிங்கின் மதிப்பீடு. அந்த எண்ணை அளந்து எடுத்த கணக்காக நான் கொள்வதில்லை, ஆயுள் முழுதும் தொழிற்சாலைகளைப் பார்த்தவரின் தீர்ப்பாகக் கொள்கிறேன். உங்கள் மேலதிகாரி "ஆளை மாத்து" என்னும்போது, பெட்டியை யாராவது பார்த்தார்களா என்று கேட்க வேண்டியவர் நீங்கள்தான்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. மன்சோனி, பார்சூ என்ற ஆய்வாளர்கள் இருவர் 1998-ல் விவரித்தது. ஒருவர் சரியாகச் செய்ய மாட்டார் என்று மேனேஜர் மனதில் விழுந்துவிட்டால், மேனேஜர் அவரைக் கூடுதலாகக் கவனிக்கிறார், அடிக்கடி கேட்கிறார், சிறு முடிவைக்கூடத் தன்னிடம் கேட்கச் சொல்கிறார். அந்த ஊழியர் தன்மேல் நம்பிக்கை இல்லை என்று புரிந்துகொண்டு ஒதுங்குகிறார், தானாக எதுவும் செய்வதை நிறுத்திவிடுகிறார். மேனேஜர் அதைப் பார்த்து, 'நான் நினைத்தது சரிதான்' என்கிறார். இருவரும் சேர்ந்தே அந்தத் தோல்வியைக் கட்டியெழுப்புகிறார்கள், இருவருக்கும் தெரியாமல். ஏழு மாதத்தில் உங்கள் இருவருக்கும் இடையே நடந்ததை இந்த வெளிச்சத்தில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

பேச்சை எப்படித் தொடங்குவது? உங்கள் அறையில் வேண்டாம். மேசைக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் அவர் என்றால் அது விசாரணையாகிவிடும். யாரும் இல்லாத சிறு அறை ஒன்றில், பக்கவாட்டில் உட்காருங்கள். "சார், உங்ககிட்ட முதல் மாசமே பேசியிருக்கணும். இந்தப் பொறுப்பு எனக்கு வந்தது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு நான் ஒரு தடவைகூடக் கேக்கலை. எனக்கு வேலை கத்துக்கொடுத்தவர் நீங்க" என்று ஆரம்பிக்கலாம். அதன்பின் பேசாமல் இருங்கள். அதுதான் கஷ்டம். அரை நிமிட மௌனம் உங்களுக்கு யுகமாகத் தெரியும். அதை நிரப்ப வேண்டாம். முதல் தடவை "அதெல்லாம் ஒண்ணுமில்லை மேடம்" என்று முடித்துவிட்டால் வற்புறுத்தாதீர்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை, இந்த முறை வேலையைப் பற்றி மட்டும் கேளுங்கள்: "இந்தப் பிரிவு உங்க கையில இருந்தா முதல்ல எதை மாத்துவீங்க?" பதினான்கு வருடம் ஓர் இடத்தைப் பார்த்தவரிடம் இதற்குப் பதில் இல்லாமல் இருக்காது. அவர் சொல்வதில் ஒன்றையாவது அந்த மாதத்துக்குள் செய்துவிடுங்கள், அவர் சொன்னது என்று எல்லோருக்கும் தெரியும்படி.

தவறுகளைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். மழுப்பக் கூடாது, அதுவும் அவமரியாதைதான். ஆனால் எப்படிச் சொல்கிறோம் என்பதில் நிறைய இருக்கிறது. குளூகர், டெனிசி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1996-ல் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஒருவருடைய வேலையைப் பற்றி அவரிடம் கருத்துச் சொல்வது சராசரியாக நன்மை செய்கிறது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட தடவைகளில் செயல்திறன் குறைந்தே போயிருக்கிறது. பேச்சு வேலையை விட்டு ஆளைத் தொடும்போது அப்படி ஆகும் வாய்ப்பு கூடுகிறது என்பது அவர்கள் விளக்கம். "நீங்க இப்பல்லாம் கவனமா இருக்கறதில்லை" என்றால் அவர் மனம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போய்விடும். "இந்த மூணு ஃபைல்லயும் நாமினி பேர் சரிபார்க்காம போயிருக்கு, என்ன நடந்துது?" என்றால் மனம் ஃபைலில் நிற்கும்.

இத்தனையும் செய்த பிறகும் அவர் மாறாமல் போகலாம். வேலையில் மனமே விட்டுப்போனவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்யாததை மற்ற எட்டுப் பேர் சுமப்பது அந்த எட்டுப் பேருக்கு அநியாயம். அப்போது அந்தக் கடிதத்தைக் கொடுங்கள். கொடுத்தால் அவர் தேறி வர வேண்டும் என்று மனதார விரும்பிக் கொடுங்கள்: எதை, எந்த அளவுக்கு, யார் துணையோடு என்று தெளிவாக எழுதி, வாராவாரம் பக்கத்தில் உட்கார்ந்து. வெளியேற்றுவதற்கான ஆவணமாக மட்டும் அதைத் தயாரித்தால் அவரோடு சேர்ந்து மற்ற எட்டுப் பேரும் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அடுத்தது யார் என்று. இப்போதைக்கு ஹெச்.ஆரிடம் ஆறு வாரம் அவகாசம் கேளுங்கள். பிரித்துப் பார்த்த அந்த எண்களை முன்னால் வைத்துக் கேட்டால் மறுப்பது கடினம்.

உங்களைப் பற்றியும் கொஞ்சம். ஏழு மாதமாக இரவில் உட்காருகிறீர்கள். உங்கள் மேலதிகாரியிடமிருந்து உங்களுக்குக் கிடைத்ததாகக் கடிதத்தில் இருப்பது "ஆளை மாத்து" என்ற இரண்டு சொல் மட்டும்தான். ஷானக் என்ற ஆய்வாளரும் முன்பு சொன்ன ஐசன்பெர்கரும் 2006-ல் காட்டியது இது: மேலேயிருந்து தனக்கு ஆதரவு இருக்கிறது என்று உணர்கிற மேற்பார்வையாளரின் கீழ் வேலை செய்பவர்களும் தங்களுக்கு ஆதரவு இருப்பதாக உணர்கிறார்கள், அவர்கள் வேலையும் நன்றாக இருக்கிறது. வெறும் குடத்திலிருந்து யாருக்கும் ஊற்ற முடியாது. ஆகவே உங்கள் மேலதிகாரியிடம் கேளுங்கள், குறிப்பாக, எழுத்தில். ஆவணங்கள் வந்துசேரத் தாமதமாக்கும் பிரிவோடு அவர் பேச வேண்டும். கையெழுத்து வரம்புக்கு ஒப்புதல் வேண்டும். காலாண்டு முடியும்வரை எண்களை வாராவாரம் கேட்காமல் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று கிடைத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். இரவு வேலையை எப்படியும் நிறுத்துங்கள். அது உங்கள் உடம்புக்கும் ஆகாது. ஒன்பது மணிக்கு மேல் உங்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தால், நல்ல ஊழியர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் போல என்று அந்த ஒன்பது பேரும் படித்துக்கொள்வார்கள்.

மூன்று மாதத்தில் போய்விட்ட அந்தப் பெண்ணை மறக்காதீர்கள். 'சொந்தக் காரணம்' என்பது வாசல் வரை போனவர்கள் சுமுகமாக வெளியேற எழுதுகிற சொல். இப்போது அவளுக்கு உங்களிடம் பயப்பட எதுவும் இல்லை. ஒரு முறை போன் செய்து, திரும்பி வரச் சொல்லிக் கூப்பிடவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு, இங்கே இருந்த மூன்று மாதத்தில் யாரிடம் எதைக் கேட்கத் தயங்கினாள் என்று மட்டும் கேளுங்கள். அவள் சொல்லும்போது விளக்கம் கொடுக்காதீர்கள். ஒரு தாளில் எழுதிக்கொண்டு, நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள், அதிலிருந்து தொடர்வோம்.